தம்பியின் கட்டைவிரல் ரத்த ஓட்டம்: அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் குடியாத்தம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருக்கும் என் தம்பிக்கு, போன மாதம் தோல் வெட்டும் கத்தி வலது கட்டைவிரலின் அடியில் இறங்கிவிட்டது. வேலூரில் ஆபரேஷன் செய்து, அறுந்த ரத்தக்குழாயைத் தைத்து விரலைக் காப்பாற்றினார்கள்.

டாக்டர் படம் வரைந்தே காட்டினார். மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்க்கிறோமே, அதே ரேடியல் தமனிதான் கட்டைவிரலின் அடியைப் புறங்கைப் பக்கமாகச் சுற்றி உள்ளங்கைக்குள் நுழைகிறது. அங்கே 'பிரின்செப்ஸ் பாலிசிஸ்' என்றொரு கிளை பிரிகிறது. அது இரண்டாகி, விரலின் இரு ஓரமாகவும் நுனிவரை போகிறது. ஆள்காட்டி விரலைப் பார்த்த ஓரத்தில் ஓடுவதுதான் பெரும்பாலும் பெரிய குழாய். தம்பிக்கு அறுந்ததும் அதுவேதான்.

இப்போது நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் சிவந்துவிடுகிறது. தினமும் நான்தான் பார்க்கிறேன். ஆனால் விடிகாலைக் குளிரில் நுனி மட்டும் நீலம் பாரித்து, ஐஸ் மாதிரி ஆகிறது. துணியில் பொத்தி வைத்தால் கொஞ்ச நேரத்தில் சரியாகிறது. புகையிலை ரத்தக்குழாயைச் சுருக்கும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னதால் பீடியையும் விட்டுவிட்டான்.

திங்கட்கிழமை செக்கப். இதையும் சொல்லத்தான் போகிறோம். அதற்குள், இப்படி அடிபட்டுத் தேறியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: குளிர் தாங்காத தொல்லை எத்தனை மாதத்தில் குறைந்தது? கத்தி பிடிக்கும் வேலைக்கு எப்போது திரும்பினீர்கள்? அப்புறம், வேலூர் பக்கம் கைக்கென்றே பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட் யாரையாவது தெரிந்தால் தயவுசெய்து தெரிவியுங்கள்.