பேப்பரில் வராதது நடக்காததா? (மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊர் அரட்டை)

லிந்தாங்காரன்:
நேற்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "டிவி, பேப்பர் என்ன சொன்னாலும் நம்ம ஆளுங்க சொந்தமாத்தான் முடிவெடுப்பாங்க" என்று போட்டிருந்தார். அங்கே பதில் போட்டால் பாதிப் பேர் கோவித்துக்கொண்டு வெளியேறிவிடுவார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். எனக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை.

எங்கள் பழைய ரப்பர் தோட்டத்தில் லயத்து வீடுகளை (தொழிலாளர்களின் வரிசை வீடுகளை) காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினார்கள். பால் வெட்டிய காலத்திலிருந்து குடியிருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான். அந்த வாரம் முழுக்கச் சாலையோர ஒட்டுக்கடையில் என்ன பேச்சு தெரியுமா? ஒரு தமிழ்நாட்டு நடிகரின் விவாகரத்து. காலை வானொலியில் அது, இரவு டிவியில் அது, பேப்பரில் அரைப் பக்கம் அது. நோட்டீஸ் பற்றி ஒரு வரி இல்லை. தண்டலாக (தோட்டத்து மேற்பார்வையாளராக) இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் என்னிடம், "பேப்பர்ல வரலையேப்பா, அப்போ பெரிய விஷயமா இருக்காதோ?" என்று கேட்டார். நோட்டீஸ் ஒட்டியிருந்தது அவர் வீட்டுக் கதவில்!

எது பெரிது, எது சிறிது என்பதை யாரோ நமக்காக முடிவு செய்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு நாம் எடுக்கும் "சொந்த முடிவு" எதைப் பற்றி?

பழைய கிராணி:
தம்பி, ஒரு பெரியவர் கேட்ட கேள்வியை வைத்து ஊரையே எடை போடாதே. இதே ஊரில் நடந்ததைச் சொல்கிறேன்.

சாமிவேலு 1974 முதல் இங்கே எம்.பி. 1979 முதல் ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர். தமிழ் நேசன் பத்திரிகை அவர் குடும்பத்தின் கையில் இருந்தது. அரசாங்கத்து ஆர்.டி.எம். டிவி செய்தியில் அவர் முகம் வராத வாரம் உண்டா? 2007 நவம்பர் 25-ஆம் தேதி இந்தியர் உரிமை கேட்டு இண்ட்ராப் அமைப்பு நடத்திய பேரணிக்குப் போகாதே, போகாதே என்றுதான் எல்லாப் பக்கமிருந்தும் சொன்னார்கள். கோயிலில் பேசி, துண்டுத்தாள் கொடுத்து, எஸ்.எம்.எஸ். அனுப்பி, ஆயிரக்கணக்கில் கோலாலம்பூர் போய் நின்றார்கள். அடுத்த மார்ச் 8-ஆம் தேதி தேர்தல். எதிர்க்கட்சி வேட்பாளர் டாக்டர் ஜெயக்குமாரிடம் 1,821 ஓட்டில் சாமிவேலு தோற்றார். பத்திரிகைதான் நம் மூளை என்றால் இது எப்படி நடந்தது? பதில் சொல்.

சிப்புட் டீச்சர்:
ஐயா, எட்டுத் தேர்தலில் வரிசையாக ஜெயித்ததை விட்டுவிட்டு ஒன்பதாவதில் தோற்றதை மட்டும் எண்ணுகிறீர்களே. முப்பது வருடத்துக்கு மேல் ஆனது அந்த 1,821 வருவதற்கு.

இன்னொன்று. லிந்தாங்காரன் சொல்வது "பத்திரிகை நம்மை ஆட்டி வைக்கிறது" என்பதல்ல. 1968-இல் அமெரிக்காவில் சேப்பல் ஹில் என்ற ஊரில் மெக்கோம்ப்ஸ், ஷா என்ற இரண்டு ஆய்வாளர்கள், யாருக்கு ஓட்டு என்று இன்னும் முடிவு செய்யாத 100 பேரைப் பிடித்து, "நாட்டில் முக்கியமான பிரச்சினை எது?" என்று கேட்டார்கள். அப்புறம் அந்த வட்டாரத்து மக்கள் பார்த்த செய்திகளில் எதற்கு எவ்வளவு இடம் கொடுத்தார்கள் என்று கணக்கெடுத்தார்கள். இரண்டு வரிசையும் ஏறக்குறைய ஒன்றுதான். அதிபர் தேர்தலில் நிக்சனுக்குப் போடு என்று எந்தப் பேப்பரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. எதை யோசிப்பது என்ற பட்டியல் மட்டும் வெளியிலிருந்து வந்தது. அந்தத் தண்டல் பெரியவரும் அப்படித்தான். நோட்டீஸ் நல்லது என்று அவர் நினைக்கவில்லை, அது பட்டியலில் இல்லை என்று நினைத்தார்.

ராகா ரசிகன்:
ஏன் இவ்வளவு சூடு? யாரும் கழுத்தைப் பிடித்துக் கேளு என்று சொல்லவில்லை. பிடிக்கலேன்னா மாத்திட்டுப் போக வேண்டியதுதானே. காலையில வேலைக்குப் போறவனுக்கு ரெண்டு பாட்டு, ஒரு ஜோக் போதும்.

லிந்தாங்காரன்:
எதற்கு மாற்றுவது, சொல்லுங்கள். வானொலியில் ராகா, டிவியில் வானவில், இரண்டும் ஆஸ்ட்ரோ என்ற தனியார் நிறுவனத்துடையது. அதை விட்டால் மின்னல், அது அரசாங்கத்துடையது. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இல் மூடியாயிற்று. மிச்சமிருக்கும் பேப்பர்களில் எது எந்தத் தலைவர் பக்கம் என்று சிப்புட்டில் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்.

அச்சகச் சட்டத்தையும் மறக்காதீர்கள். 1984-இல் வந்தது. 2012 வரை வருடா வருடம் உள்துறை அமைச்சிடம் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். 2008 தேர்தல் முடிந்த கையோடு, ஏப்ரலில், மக்கள் ஓசைக்கு உரிமம் புதுப்பிக்காமல் பேப்பர் நின்றது. சில நாளில் திரும்பக் கிடைத்தது, சரி. ஆனால் அடுத்த முறை தலைப்பு வைக்கும்போது ஆசிரியர் மனதில் அது இருக்குமா இருக்காதா?

முன்னாள் நிருபர்:
படித்துக்கொண்டு சும்மா இருக்கலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை. பெயர் வேண்டாம், ஒரு தமிழ்ப் பேப்பருக்கு இந்த வட்டாரத்தில் பகுதி நேர நிருபராக இருந்தேன்.

லிந்தாங்காரன் நினைப்பதுபோல யாரும் மேலேயிருந்து போன் போட்டு "எழுதாதே" என்று சொல்வதில்லை. எனக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. சம்பளம் கிடையாது, வந்த செய்திக்கு இவ்வளவு வெள்ளி (ரிங்கிட்) என்று கணக்கு. பெட்ரோல் என் காசு. தீபாவளி, பொங்கலுக்கு வாழ்த்து விளம்பரம் பிடித்துக் கொடுத்தால் கமிஷன் தனி, உண்மையில் அதில்தான் குடும்பம் ஓடியது. விளம்பரம் யார் தருவார்? வட்டாரத் தலைவர், குத்தகைக்காரர், கோயில் தலைவர், சில நேரம் தோட்ட நிர்வாகமே. இப்போது நோட்டீஸ் செய்தியோடு நான் யார் முன்னால் போய் நிற்பேன்?

ஆலயத் திருப்பணிக்குக் காசோலை கொடுக்கும் படம் என்றால் அவர்களே படமும் எழுதிய செய்தியும் அனுப்பிவிடுவார்கள். பெயர் எழுத்துப்பிழை மட்டும் பார்த்தால் போதும். தோட்டத்துக்குப் போவதென்றால் மண் சாலையில் அரை நாள் போகும், நிர்வாகத்தின் பதில் வாங்க இன்னொரு நாள், கடைசியில் நாலு வரியாக வெட்டி உள்பக்கத்தில் போடுவார்கள். நான் சோம்பேறி இல்லை. கணக்குப் பார்த்தேன், அவ்வளவுதான். தணிக்கை என்று தேடினால் ஒன்றும் அகப்படாது.

பழைய கிராணி:
நிருபரே, இது நேர்மையான பேச்சு. ஆனால் நீர் என் பக்கம்தான் பேசுகிறீர். பேப்பர் சதி செய்யவில்லை, காசு இருக்கும் பக்கம் போகிறது. மக்களும் நடிகர் கதையைத்தான் வாங்குகிறார்கள். 1940-இல் ஒஹையோவில் லாசர்ஸ்ஃபெல்ட் தேர்தல் நேரத்தில் ஆய்வு செய்தார். பிரச்சாரத்தைக் கேட்டு மனம் மாறியவர்கள் கொஞ்சம் பேர்தான், பக்கத்து வீட்டுக்காரன், கூட வேலை செய்பவன் சொன்னதுதான் எடுபட்டது. (டீச்சர் மட்டும்தான் படிப்பாரா?) தோட்டத்தில் காலைப் பெரட்டில் (வேலைக்கு முன் பேர் கூப்பிடும் இடத்தில்) நின்றவனுக்குத் தெரியும் இது. விடியற்காலையில் பேர் கூப்பிடுவதற்கு முன்னால் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் என்ன சொன்னாரோ அதுதான் அன்றைய செய்தி.

சிப்புட் டீச்சர்:
மண்டோருக்கு யார் சொன்னது ஐயா?

ராகா ரசிகன்:
இப்ப மண்டோரும் இல்ல, பெரட்டும் இல்ல. டிக்டாக் இருக்கு. எவன் வேணும்னாலும் போடலாம். இதுல எங்க தேர்வு குறையுது?

சிப்புட் டீச்சர்:
போடலாம் தம்பி. யார் கண்ணில் படும் என்பதை யார் முடிவு செய்வது? ஒரு விவாகரத்து வீடியோவில் நீங்கள் கொஞ்ச நேரம் நின்றால் அடுத்ததும் விவாகரத்துதான் வரும். முன்பு ஓர் ஆசிரியராவது இருந்தார், போய்ச் சண்டை போடலாம்.

தேர்வு குறைவதற்கு 2018 தேர்தலைப் பாருங்கள். டாக்டர் ஜெயக்குமார் பத்து வருடம் எம்.பி., 2013-லும் ஜெயித்தவர். 2018-இல் நின்றார், வைப்புத் தொகையே போய்விட்டது. டிவியில், போனில், எங்கே பார்த்தாலும் இரண்டு பக்கம்தான்: இந்த ஆட்சியா, அந்த ஆட்சியா. "ஓட்டைப் பிரிக்காதே" என்று எனக்கு வந்த செய்திகளுக்கு அளவில்லை. ஓட்டுச் சீட்டில் அவர் பெயர் இருந்தது. பேச்சில் இல்லை.

பழைய கிராணி:
அது ஊடகம் செய்ததில்லை. 2008, 2013-இல் பி.கே.ஆர். என்ற பெரிய எதிர்க்கட்சியின் சின்னத்தில் நின்றார், ஜெயித்தார். 2018-இல் அவருடைய சொந்தக் கட்சியான பி.எஸ்.எம்.-இன் முஷ்டிச் சின்னம். கூட்டணி ஒத்துவரவில்லை, கதை முடிந்தது. மக்கள் ஆட்சியை மாற்ற நினைத்தார்கள், கணக்குப் போட்டுத்தான் ஓட்டுப் போட்டார்கள்.

சிப்புட் டீச்சர்:
அதையேதான் நானும் கேட்கிறேன். அதே மனிதர், அதே ஊர், வாய்க்கால் தண்ணீர் பிரச்சினைக்கும் லயத்து வீட்டுப் பிரச்சினைக்கும் வந்து நின்ற அதே ஆள். சின்னம் மாறியதும் "வீணாகப் போகும் ஓட்டு" என்று எங்கள் அம்மா சொன்னார். அம்மா ஓர் அரசியல் கூட்டத்துக்கும் போனதில்லை. வீணாகப் போகும் என்று அவருக்கு யார் கணக்குப் போட்டுக் கொடுத்தது?

பழைய கிராணி:
அதை உங்கள் அம்மாவிடம் கேளுங்கள் டீச்சர். எங்கள் வீட்டில் மூன்று ஓட்டும் முஷ்டிக்குத்தான் போனது, தினமும் டிவி பார்த்துக்கொண்டே.