அப்பா அம்மா ஆறு மாதம் டெக்சாஸ் வருகிறார்கள், அப்பாவுக்கு ஸ்டென்ட் உண்டு. எந்தக் காப்பீடு எடுப்பது?

காவிரிக்கரை:
வணக்கம். பிளேனோவில் இருக்கிறேன். அப்பாவும் அம்மாவும் திருச்சியிலிருந்து ஜூனில் வந்து டிசம்பர் தொடக்கம் வரை தங்குகிறார்கள். அப்பாவுக்கு 68 வயது. சர்க்கரை, பிபி, இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு நான்கு வருடத்துக்கு முன் வைத்த ஒரு ஸ்டென்ட். அம்மாவுக்கு 63, தைராய்டு மாத்திரை மட்டும்தான். என் ஆபீஸ் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பி-2 என்ற சுற்றுலா விசாவுக்குக் காப்பீடு கட்டாயம் இல்லை என்பதால் அப்பா வேறு, "கான்சுலேட்டிலேயே கேட்கவில்லை, உனக்கு எதற்கு இந்த வீண் செலவு" என்கிறார்.

இணையத்தில் பார்த்தால் 50,000 டாலர் என்று போட்ட ஒரு திட்டம் மிகக் குறைந்த விலையில் கிடைக்கிறது, அதே 50,000 போட்ட இன்னொன்று அதைப் போலப் பல மடங்கு கேட்கிறது. என்ன வித்தியாசம்? ஊரிலேயே எடுத்துக்கொண்டு வரச் சொல்வதா, இங்கே எடுப்பதா? எடுத்து அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

எடிசன்வாசி:
விலை குறைவானது அனேகமாக ஃபிக்ஸட் பெனிஃபிட் திட்டமாக இருக்கும். தயவுசெய்து எடுக்காதீர்கள். டாக்டர் ஒருமுறை பார்த்தால் இவ்வளவு, ஐசியூவில் ஒரு நாளுக்கு இவ்வளவு, ஆபரேஷனுக்கு இவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் உள்ளே தனித்தனி உச்சவரம்பு வைத்திருப்பார்கள், ஆஸ்பத்திரி எவ்வளவு பில் போட்டாலும் அந்தத் தொகைக்கு மேல் வராது. என் மாமனார் வந்திருந்தபோது நான் எடுத்தது இதைத்தான். அதுவரை இதயத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத மனிதர். நெஞ்சு வலி என்று போய் இரண்டு இரவு தங்கினார், ஆஞ்சியோகிராம் செய்தார்கள், ஸ்டென்ட்கூட வைக்கவில்லை. பில் 41,000 டாலர் சொச்சம், காப்பீட்டிலிருந்து வந்தது 5,200. எமர்ஜென்சியில் பணம் இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்ப முடியாது, அதற்கு 1986லேயே சட்டம் உண்டு, ஆனால் பில் வீடு தேடி வரும். லாப நோக்கமில்லாத ஆஸ்பத்திரி என்பதால் பில்லைக் குறைக்கச் சொல்லி ஃபினான்ஷியல் அசிஸ்டன்ஸ் மனு போட்டோம், அவருடைய பென்ஷன் சான்றெல்லாம் கொடுத்து ஐந்து மாதம் போராடிய பிறகு பெரும்பகுதி குறைந்தது. அந்த ஐந்து மாதமும் என் மனைவி சரியாகத் தூங்கவில்லை.

காம்ப்ரிஹென்சிவ் திட்டமாக, அதாவது பில்லில் சதவீதக் கணக்கில் கொடுக்கும் திட்டமாகப் பாருங்கள். பேட்ரியாட் அமெரிக்கா, அட்லஸ் அமெரிக்கா எல்லாம் அந்த வகைதான். டிடக்டபிள் என்ற ஆரம்பத் தொகையை நீங்கள் கட்ட வேண்டும், அதற்குப் பிறகு சில திட்டங்களில் முதல் 5,000 டாலருக்கு 80 சதவீதமும் அதற்கு மேல் திட்டத்தின் வரம்பு வரை முழுவதும் அவர்கள் கொடுப்பார்கள், ஆஸ்பத்திரி அவர்களுடைய நெட்வொர்க்கில், அதாவது அவர்களோடு ஒப்பந்தம் உள்ள பட்டியலில் இருந்தால். வீட்டுக்குப் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி, எந்த அர்ஜென்ட் கேர் (சின்ன அவசரங்களுக்கான கிளினிக்) நெட்வொர்க்கில் இருக்கிறது என்று இப்போதே பார்த்து எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிடுங்கள்.

நெல்லைக்காரன்:
எடிசன்வாசி சொன்னது அம்மாவுக்கு முழுவதும் பொருந்தும். அப்பா விஷயம் வேறு, அவருக்குத் தனியாகப் பாருங்கள், ஒரே திட்டத்தில் இருவரையும் போட வேண்டும் என்று அவசியம் இல்லை.

ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு இந்தத் திட்டங்களில் பெரும்பாலும் 'அக்யூட் ஆன்செட்' என்ற ஒரு பிரிவில் மட்டும்தான் பணம் வரும். அதாவது முன் அறிகுறி எதுவும் இல்லாமல் திடீரென்று வந்திருக்க வேண்டும், வந்த 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போயிருக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக முற்றிய நோய்க்குக் கிடையாது. வழக்கமான செக்கப், மாதாந்திர மாத்திரை எதற்கும் கிடையாது. அதிலும் 70 வயதைத் தாண்டினால் பல இடங்களில் இந்தப் பிரிவே போய்விடும் அல்லது தொகை சுருங்கிவிடும். அப்பாவுக்கு 68 என்பது நல்ல காலம்.

இப்போது நான் சொல்ல வந்தது. என் அப்பா இங்கே இருந்தபோது மூன்று நாள் மூச்சு வாங்கியதை யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளைக்குச் செலவு வைக்கக் கூடாது என்று. நான்காவது நாள் உட்கார முடியாமல் போனபோதுதான் தெரிந்தது, எமர்ஜென்சிக்கு ஓடினோம். எப்போதிலிருந்து இப்படி என்று நர்ஸ் கேட்டதும் மூன்று நாளாக என்று அப்பா உண்மையைச் சொன்னார், அது ரெக்கார்டில் ஏறியது, கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது. உண்மையைச் சொன்னதில் தப்பே இல்லை. முதல் நாளே சொல்லியிருந்தால் உடம்பும் அவ்வளவு கெட்டிருக்காது, பணமும் வந்திருக்கும். நம் ஊர்ப் பெரியவர்கள் செலவை நினைத்துத்தான் மறைக்கிறார்கள், மறைப்பதுதான் செலவாகிறது. இதை அப்பாவிடம் விமானம் ஏறும் முன்பே உட்கார வைத்துச் சொல்லுங்கள்.

சில திட்டங்கள் பழைய நோய்க்கும் ஒரு தொகை வரை தருகின்றன, விலை அதிகம். ஸ்டென்ட் வைத்தவர் என்பதால் அதையும் விசாரியுங்கள். ஊரில் எடுக்கும் பாலிசி என்றால் பொதுவாக அங்கிருந்து கிளம்பும் முன்பே எடுத்தாக வேண்டும், வந்த பிறகு முடியாது. அதிலும் பழைய நோய்க்கு உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் மட்டும்தான் தருவார்கள், பாலிசி வாசகத்தை வாங்கிப் படியுங்கள், ஏஜென்ட் வாய்வார்த்தை போதாது. அட்மிட் ஆனால் 48 மணி நேரத்துக்குள் கம்பெனிக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்றும் பலர் வைத்திருக்கிறார்கள்.

மாத்திரை 90 நாளுக்கு மட்டும் கொண்டுவருவது பொதுவான வழக்கம். ஜெனரிக் பெயர் (கம்பெனிப் பெயர் அல்ல, மருந்தின் பெயர்) எழுதிய பிரிஸ்கிரிப்ஷன் இருந்தால் மீதிக்கு இங்கே ஒரு டாக்டரைப் பார்த்து எழுதி வாங்குவது சுலபம், சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் எல்லாம் இங்கேயும் மலிவுதான்.

ஸ்கார்பரோ அக்கா:
தம்பி, நான் கனடாவில். அம்மாவை யாழ்ப்பாணத்தில் இருந்து, பெற்றோர் நீண்ட நாள் தங்க வரும் சூப்பர் விசாவில் கூப்பிட்டேன். இங்கே குறைந்தது 100,000 கனேடிய டொலருக்கு, ஒரு வருசத்துக்குக் காப்புறுதி இல்லாமல் அந்த விசாவே இல்லை. ஆனாலும் இதே சிக்கல் உண்டு. பழைய வருத்தம் குறிப்பிட்ட காலம் 'ஸ்டேபிளாக', அதாவது மருந்திலோ நிலையிலோ மாற்றமில்லாமல் இருந்திருக்க வேண்டும், 90 நாளோ 180 நாளோ, திட்டத்தைப் பொறுத்தது. வெளிக்கிட இரண்டு மாதம் இருக்கையில் வைத்தியர் பிரஷர் குளிசையின் அளவைக் கூட்டினார், அது மாற்றக் கணக்கில் வந்துவிட்டது. நல்ல காலம், முகவரைக் கேட்டு முன்கூட்டியே தெரிந்துகொண்டு அந்த நாட்கள் கழிந்த பிறகு அம்மாவைக் கூப்பிட்டேன். உங்கள் திட்டத்திலும் மருந்து மாற்றம் பற்றி என்ன எழுதியிருக்கு என்று பாருங்கோ.

காவிரிக்கரை:
எல்லோருக்கும் மிக்க நன்றி. நெல்லைக்காரன் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று இரவு அப்பாவைக் கூப்பிட்டு நேராகவே கேட்டேன். ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்றார். அம்மா போனை வாங்கி, "போன மாசம் மலைக்கோட்டைப் படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டார், உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்" என்கிறாள். எனக்குக் கை நடுங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை கார்டியாலஜிஸ்ட் அப்பாயின்ட்மென்ட் வாங்கியாயிற்று. டிக்கெட் இன்னும் போடவில்லை.

இனி டாக்டர் மருந்தை மாற்றினால் அது முன் அறிகுறிக் கணக்கில் வருமா?

நெல்லைக்காரன்:
வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள், படியில் உட்கார்ந்ததே அறிகுறிதான். இப்போதைய நிலையில் அக்யூட் ஆன்செட்டை நம்பி அவரைக் கூட்டி வராதீர்கள். டாக்டர் என்ன சொல்கிறார் என்று பார்த்து, தேவையான சிகிச்சையை ஊரிலேயே முடித்து, பயணம் செய்யலாம் என்று எழுத்தில் வாங்குங்கள். ஜூன் இல்லாவிட்டால் அடுத்த வசந்தத்தில் வரட்டும், அதற்குள் 69தான் ஆகும். வெள்ளிக்கிழமை என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுதுங்கள்.