குந்தவை என்று பெயர் உள்ள யாரையாவது நேரில் பார்த்திருக்கிறீர்களா?

மணப்பாறை முறுக்கு:

பொன்னியின் செல்வன் படித்த வீடுகளில் வானதி பிறந்தாள், பூங்குழலி பிறந்தாள். நந்தினிக்குப் பஞ்சமே இல்லை. அருள்மொழி ஆண், பெண் இரண்டு பக்கமும் ஓடுகிறது. ஆனால் கதையையே கையில் வைத்து ஆட்டுவிக்கும் இளையபிராட்டியின் பெயரை மட்டும் பெண்ணுக்கு வைத்தவர்கள் என் கண்ணில் பட்டதே இல்லை. போன வாரம் தூரத்து உறவில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. மணமகள் 'திருவளர்ச்செல்வி குந்தவை'. வீட்டில் ஒருத்தர் கையிலிருந்து இன்னொருத்தர் பிடுங்கிப் படித்தோம். மாப்பிள்ளை வந்தியத்தேவன் இல்லை, தினேஷ்குமார்! என் மாமியார் கேட்டது: "பொண்ணு பேரே இதானா, இல்ல புனைபேரா?"

உங்களுக்குத் தெரிந்த குந்தவைகளைப் பற்றிச் சொல்லுங்கள். நீங்களே குந்தவை என்றால் இன்னும் விசேஷம்.

நிஜக் குந்தவை:

வந்துவிட்டேன். எழுபதுகளில் பிறந்தவள். கல்கி பத்திரிகையில் 1950 முதல் 1954 வரை கதை தொடராக வந்தபோது தாத்தா வாரா வாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்து, மணியம் படங்களோடு சேர்த்து பைண்டு பண்ணி வைத்திருந்தார். அப்பா அதைப் படித்தே வளர்ந்தவர். பெண் பிறந்தால் இந்தப் பெயர்தான் என்று கல்யாணத்துக்கு முன்பே முடிவு. அம்மாவைக் கேட்டதாகத் தெரியவில்லை.

தஞ்சாவூர்ப் பக்கம் இருந்தவரை சிக்கல் இல்லை. அப்பாவுக்கு வேலூர் மாற்றல் வந்தது. அங்கே உட்கார் என்பதற்குக் 'குந்து' என்பார்கள் அல்லவா? அவ்வளவுதான். வருகைப் பதிவு எடுக்கும்போது பின்பெஞ்சிலிருந்து குரல் வரும்: "டீச்சர், குந்தவையைக் குந்த வைங்க!" எழுந்து நின்று "உள்ளேன்" சொல்லவே பிடிக்காது. சின்ன அத்தை ஒருபடி மேலே போய்க் 'குந்தி' என்று சுருக்கினார். பாட்டிக்கு அது ஆகாது. குந்தி பட்ட பாடெல்லாம் பிள்ளைக்கும் வருமாம். கடைசியில் வீட்டில் நான் 'பாப்பா' ஆனேன், இன்றைக்கும் அதேதான். ரேஷன் கார்டில் ஒரு காலம் 'குந்தவி' என்று இருந்தேன்.

காலேஜ் போனதும் அதே பெயர் மவுசாகிவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, நேர்காணல்களில் பாதி நேரம் பெயரைப் பற்றியே பேசி ஓட்டியிருக்கிறேன்.

கல்வெட்டுக் கிறுக்கன்:

அந்தப் பாட்டியிடம் யாராவது ராஜராஜன் வீட்டு வழக்கத்தைச் சொல்லியிருக்கலாம், மேடம். அந்த வீட்டில் இந்தப் பெயர் பாட்டி, பேத்தி, அத்தை, மருமகள் என்று சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது.

நமக்குத் தெரிந்த குந்தவை சுந்தர சோழர் மகள், ராஜராஜனின் அக்கா, வல்லவரையர் வந்தியத்தேவரின் மனைவி. இது கல்கி கற்பனை இல்லை, பெரிய கோயில் கல்வெட்டிலேயே இருக்கிறது. நந்தினியும் பூங்குழலியும்தான் கல்கி படைத்தவர்கள். கோயிலுக்கு "நாம் குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும்" கல்லில் வெட்டுக என்று ராஜராஜன் தன் 26ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். வரிசையைப் பாருங்கள். தனக்கு அடுத்து அக்கா, அதற்குப் பிறகே பெண்டாட்டிகள். நான் முதல் தடவை நின்று படித்தபோது மற்ற எழுத்தெல்லாம் தடுமாறியது, 'அக்கன்' மட்டும் பளிச்சென்று கண்ணில் பட்டது. மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது, அதனால் 'அககன' மாதிரி தெரியும். பழகிவிட்டால் விரலால் தொட்டே படிக்கலாம். (தொடாதீர்கள், காவலர் திட்டுவார்.) அதே கோயிலுக்கு அந்த அக்கா தன் அப்பா, அம்மா இருவருக்கும் செப்புப் படிமங்கள் செய்துவைத்ததும் கல்வெட்டில் உண்டு. அப்பாவின் பெயரை நேரே சொல்லாமல் 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்', அதாவது பொன்மாளிகையில் காலமானவர் என்றுதான் வெட்டியிருக்கும்.

இந்தக் குந்தவைக்கு முன்பே அரிஞ்சய சோழனின் தேவியாக வீமன் குந்தவையார் ஒருவர் உண்டு. ஆந்திரப் பக்கம் வேங்கியை ஆண்ட சாளுக்கிய மன்னன் வீமனின் மகளாக இருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அக்கா குந்தவைக்குப் பின், ராஜராஜன் தன் மகளுக்கும் அக்கா பெயரையே வைத்தான். அந்த இளைய குந்தவை வேங்கி விமலாதித்தனுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். அவள் மகன்தான் ராஜராஜ நரேந்திரன், தெலுங்கில் மகாபாரதம் பாடத் தொடங்கிய நன்னயாவை ஆதரித்தவன். அவன் மகன் முதலாம் குலோத்துங்கன் சோழ அரியணைக்கு வந்தான். குலோத்துங்கனின் தங்கை பெயர்? குந்தவைதான். சிதம்பரம் கோயிலுக்கு அந்தத் தங்கை கொடுத்த கொடைகளுக்குக் கல்வெட்டு இருக்கிறது.

இன்னும் பழைய காலத்துக்குப் போனால், ராணிப்பேட்டை பக்கம் திருவல்லம் கோயிலில் பாண அரசனின் தேவி ஒருத்தி வருகிறாள். கங்கர் குலத்துப் பெண். பெயர் 'குந்தவ்வை'. சோழ ராணிகளுக்கும் முந்தியவள்.

உறையூர் தமிழன்:

அப்படியானால் இது தமிழ்ப் பெயரே இல்லை என்கிறீர்களா? இதற்குத்தானா இவ்வளவு பெரிய கட்டுரை?

கல்வெட்டுக் கிறுக்கன்:

கோபப்படாதீர்கள் சகோ. நான் சொன்னது, கங்கர், பாணர், சாளுக்கியர், சோழர் என்று பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடுகளில் இந்தப் பெயர் சீர்வரிசையோடு சேர்ந்து போய் வந்திருக்கிறது என்பதுதான். பழைய கன்னடக் கல்வெட்டுகளில் அத்திமப்பெ மாதிரி 'அப்பெ', 'அவ்வெ' என்று முடியும் பெண் பெயர்கள் சர்வ சாதாரணம். நம்மிடம் ஒளவை இல்லையா? குந்தவ்வை எந்தப் பக்கத்துக்குச் சொந்தம் என்று கோடு கிழிக்க என்னால் முடியாது, கிழிக்கவும் மாட்டேன். ஆயிரம் வருஷம் தஞ்சாவூர்க் கல்லில் இருந்துவிட்டது. ரேஷன் கார்டு கொடுக்க அது போதும்.

கே.என். காலேஜ் 98:

தஞ்சாவூர் குந்தவை நாச்சியார் அரசு மகளிர் கல்லூரியில் படித்தவள் நான். அடையாள அட்டையில் குந்தவை, பஸ் பாஸில் குந்தவை, பரீட்சை விடைத்தாள் முகப்பில் குந்தவை. கண்டக்டர் வண்டி நிற்கும் முன்னாலேயே "குந்தவைலாம் எறங்கு" என்பார். மொத்தக் கூட்டமும் இறங்கும். அதில் ஒருத்திக்குக் கூட அந்தப் பெயர் கிடையாது! எங்கள் வகுப்பில் மட்டும் மூன்று மகேஸ்வரி.

ஒருதடவை வேறு ஊர்க் கல்லூரிப் போட்டிக்குப் போயிருந்தோம். பரிசு கொடுக்க மேடையில் "குந்தவை" என்று கூப்பிட்டார்கள். நாங்கள் கல்லூரியைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து ஐந்து பேரும் எழுந்து போனோம். எதிர்ப்பக்கத்திலிருந்து பச்சைத் தாவணி போட்ட பெண் ஒருத்தி வந்தாள். அவள் பெயர் குந்தவை, பேச்சுப் போட்டியில் முதல் பரிசு. நான் பார்த்த ஒரே குந்தவை அவள்தான். எங்கள் எல்லோருக்கும் அவளைப் பிடிக்காமல் போனது. பொறாமைதான், வேறென்ன.

ஆரணி நயினார்:

எங்கள் பக்கத்துக் கதையையும் சொல்லிவிடுகிறேன். போளூருக்குப் பக்கத்தில் திருமலை என்று ஒரு சமண ஊர். மலைமேல் பாறையிலேயே செதுக்கிய மிக உயரமான நேமிநாதர் இருக்கிறார். அங்குள்ள சமணக் கோயிலுக்குக் 'குந்தவை ஜினாலயம்' என்றே பெயர். ராஜேந்திர சோழனின் வெற்றிகளை வரிசையாகச் சொல்லும் பாறைக் கல்வெட்டில், ஒரு வணிகர் வீட்டுப் பெண் இந்தக் குந்தவை ஜினாலயத்துக்குக் கொடை கொடுத்தது வருகிறது. திண்டிவனம் அருகே தாதாபுரத்தில் ராஜராஜனின் அக்கா குந்தவை சிவனுக்கு, பெருமாளுக்கு, ஜினருக்கு என்று மூன்று கோயில் எடுப்பித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. அதனால் சைவரும் வைணவரும் சமணரும் சண்டையில்லாமல் பெண்ணுக்கு வைக்கக்கூடிய பெயர் இது. வைப்பதில்லை, அது வேறு விஷயம்.

எங்கள் சனத்தில் பத்மாவதி, தரணி, சாந்தி எல்லாம் உண்டு. இந்தப் பெயரை ஒரே ஒரு குழந்தைக்குத்தான் கேள்விப்பட்டேன். திருமலைக்குத் தரிசனத்துக்கு வந்திருந்த குடும்பம். மூன்று வயசு இருக்கும், படிக்கட்டில் ஏற மாட்டேன் என்று நிஜமாகவே குந்திவிட்டது. அப்பா கீழே இருந்து "ஏ குந்தவை, எழுந்திரு, உன் கோயில்தான்டி" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். வேலூர் பள்ளிக்கூடத்துப் பையன்கள் கேட்டிருக்க வேண்டும்.

நிஜக் குந்தவை:

நயினார் ஐயா, நீங்களுமா!

திருவாதிரைக் குழந்தையின் அம்மா:

என் மகளுக்கு இப்போது இரண்டு வயசு முடியப் போகிறது. பெயர் குந்தவை. திருவாதிரை நட்சத்திரம். ஜோசியர் கு, க, ங, ச என்று நான்கு எழுத்து கொடுத்தார். 'ங'வில் ஒரு பெயர் சொல்லுங்கள் பார்ப்போம் என்று அவரிடமே கேட்டேன், சிரித்துவிட்டார். 'கு' என்றதும் எல்லோரும் குமுதா, குணவதி என்று ஆரம்பித்தார்கள். என் மாமனார்தான் தயங்கித் தயங்கி இந்தப் பெயரைச் சொன்னார். 1999ல் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனதும் மலிவு விலையில் வந்த ஐந்து பாகங்களை வாங்கி, ஓய்வு பெற்ற பிறகு திரும்பத் திரும்பப் படித்தவர் அவர். அந்த மனுஷர் எனக்கு இதுதான் வேண்டும் என்று எதையும் கேட்டதில்லை. அதற்காகவே வைத்தோம்.

எனக்கு எரிச்சல் ஒன்றே ஒன்று. பெயரைச் சொன்னதும் "ஓ, த்ரிஷா!" என்கிறார்கள். 2022ல் படம் வந்த பிறகு இது சினிமாப் பெயர் ஆகிவிட்டது. தடுப்பூசி போடும் நர்ஸ் அக்கா கூட "படம் பாத்துட்டு வச்சீங்களா?" என்று கேட்டார். படத்தை நான் இன்னும் முழுசாகப் பார்க்கவில்லை, பிள்ளை எங்கே விடுகிறது!

மணப்பாறை முறுக்கு:

அப்படியாவது பத்துப் பேர் வைக்கட்டுமே! வானதியும் கதையிலிருந்து வந்தவள்தான், இன்றைக்கு யாரும் எந்தப் புத்தகம் என்று கேட்பதில்லை. குந்தவைக்கு அந்த அதிர்ஷ்டம் வரவில்லை. எனக்கென்னவோ பெயரின் கனம்தான் காரணம் என்று தோன்றுகிறது. பூங்குழலியைச் செல்லமாகக் 'குழலி' என்று கொஞ்சலாம், குந்தவையை எப்படிக் கொஞ்சுவது?

திருவாதிரைக் குழந்தையின் அம்மா:

நாங்கள் 'பிராட்டி' என்கிறோம். கோபம் வந்தால் 'பிராட்டியாரே'.

கும்பகோணம் டிகிரி:

என் தங்கைக்கு மார்கழியில் பிரசவம். பெண் என்றால் இந்தப் பெயர் வைக்க ஆசை. ஆங்கில எழுத்துக்கூட்டு எது? நாச்சியார் சேர்க்கலாமா? நிஜக் குந்தவை அக்கா சொன்னால் நன்றாக இருக்கும்.

நிஜக் குந்தவை:

தம்பி, அனுபவித்தவள் சொல்கிறேன். பெரிய கோயில் பற்றிய ஆங்கிலப் புத்தகங்களில் ஒரு விதம், கல்லூரிப் பெயர்ப் பலகையில் ஒரு விதம், என் பாஸ்போர்ட்டில் இன்னொரு விதம். நடுவில் வரும் 'த'வுக்கு எதைப் போட்டாலும் வடக்கே ஒருத்தரும் ஒழுங்காகச் சொல்லப் போவதில்லை, அதனால் அதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். முதலில் எதைப் போடுகிறீர்களோ அதையே ஆதார், பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றிலும் போடுங்கள். என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டும் டிகிரியும் ஒத்துப்போகாமல் நான் நோட்டரியிடம் அலைந்த அலைச்சல் போதும்.

நாச்சியார், பிராட்டி எதுவும் சேர்க்காதீர்கள், ஆன்லைன் படிவத்தில் கட்டம் பத்தாது. அவசரமும் வேண்டாம். பிறப்பைப் பதிந்துவிட்டால், பெயரை ஒரு வருஷத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம், அதற்குப் பிறகும் தாமதக் கட்டணம் கட்டி 15 வருஷம் வரை சேர்க்கலாம். அதற்குள் தங்கையைக் கேளுங்கள். எங்கள் அப்பா மாதிரி நீங்களே முடிவு பண்ணாதீர்கள். அவர்கள் வேலூர்ப் பக்கம் குடியிருந்தால் எனக்குத் தனியாக ஒரு வரி எழுதுங்கள், "குந்த வை"க்குத் திருப்பிக் கொடுக்க என்னிடம் நாலைந்து பதில் இருக்கிறது, இங்கே எழுத முடியாது.