கொலை வழக்குக் கதைகளும் அந்த வீட்டு மனிதர்களும்: உங்கள் அனுபவம் என்ன?

செங்காங் வாசகி

கொலை வழக்கு பாட்காஸ்ட் கேட்காமல் எனக்கு எம்ஆர்டி ரயில் பயணம் ஓடாது. அதனால் யாரையும் குற்றம் சொல்ல இதைத் தொடங்கவில்லை. இப்படி நிகழ்ச்சியாகவோ படமாகவோ ஆக்கப்பட்ட ஒரு வழக்கின் குடும்பத்தோடு உங்களுக்குப் பழக்கம் உண்டா? அது அவர்களை என்ன செய்தது? பெயர், அடுக்குமாடி புளோக் எண் எதுவும் வேண்டாம்.

ஈசூன்காரி

என் சித்தி மகனைக் கொன்றவனுக்குத் தண்டனை கிடைத்துப் பல வருடமாகிவிட்டது. அந்தச் சமயத்தில் நிருபர்கள் வரத்தான் செய்தார்கள். புளோக்கின் கீழ்த்தளத்தில் உடலை வைத்திருந்தபோது ஒரு பெண் நிருபர் கூடாரத்துக்கு வெளியே நின்றிருந்தார். சித்தப்பா போய், "இப்ப பேச முடியாதும்மா" என்றார். அந்தப் பெண் தலையாட்டிவிட்டுக் கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிட்டார். எங்களுக்கு அவர்மேல் இன்றும் வருத்தமில்லை. வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்ல ஓர் ஆளாவது எதிரில் இருந்தார்.

யூடியூபில் அந்த ஆளே இல்லை. சித்தியின் கோயில் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு வீடியோவை அனுப்பியிருக்கிறார்கள்: "நம்ம சிங்கப்பூர்ல நடந்த உண்மைக் கதை, பிள்ளைங்கள ஜாக்கிரதையா பாத்துக்கோங்க." முகப்புப் படத்தில் சித்தி மகன் சிரித்துக்கொண்டிருந்தான். அது என் கல்யாணத்தில் எடுத்த படம். அவன் தோளில் கிடந்த கை என்னுடையது. என்னை வெட்டி எடுத்துவிட்டார்கள், ஆனால் விரல்களும் மருதாணியும் அப்படியே இருந்தன. அவன் முகத்தைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம், பக்கத்தில் ஓர் அம்புக்குறி. படத்தை அவனுடைய ஃபேஸ்புக் பக்கத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள். பிறந்தநாளுக்கு நண்பர்கள் வந்து ஏதாவது எழுதுவார்கள் என்று அந்தப் பக்கத்தை நாங்கள் மூடாமல் வைத்திருந்தோம்.

யார் தடுத்தும் கேட்காமல் சித்தி அதை முழுக்கப் பார்த்தார். எத்தனை குத்து, எங்கே குத்து என்பதெல்லாம் நீதிமன்றத்தில் உட்கார்ந்து கேட்டதுதான், அதை அவர் தாங்கிக்கொண்டார். "அம்மா செல்லம், கண்டித்து வளர்க்கவில்லை" என்று வீடியோவில் பேசிய தம்பி போகிற போக்கில் சொன்ன ஒரு வரியைத்தான் தாங்க முடியவில்லை. விசாரணையில் யாரும் அப்படிச் சொன்னதே கிடையாது. கதைக்கு ஒரு காரணம் தேவைப்பட்டிருக்கிறது, அதற்குச் சித்தி அகப்பட்டார். கீழே கருத்துகளிலும் அதே பாட்டு. இரண்டு மாதம் சித்தி கோயிலுக்கே போகவில்லை.

அந்தச் சேனலுக்கு எழுதிக் கேட்டோம். "பொது ஆவணங்களில் இருப்பதைத்தான் சொல்கிறோம்" என்று ஒரு வரியில் பதில் வந்தது. தீர்ப்பு பொது ஆவணம்தான், மறுக்கவில்லை. இறந்தவர் சார்பாக அவதூறு வழக்கும் போட முடியாதாம், அந்த உரிமை ஆளோடு போய்விடுகிறது. அனுமதி கேளுங்கள் என்றுகூட நான் சொல்லவில்லை. இந்தத் தேதியில் போடப்போகிறோம் என்று ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருந்தால், சித்தியின் கைப்பேசியை அன்றைக்கு நான் வாங்கி வைத்திருப்பேன்.

தோ பாயோ பழைய ஆள்

1981-இல் எங்கள் வட்டாரத்தில் 9 வயதுச் சிறுமியையும் 10 வயதுச் சிறுவனையும் பூசை என்ற பெயரில் கொன்றது ஊருக்கே தெரியும். குற்றவாளிகள் மூவரையும் 1988 நவம்பரில் தூக்கிலிட்டார்கள். அப்புறம் 1991-இல் ஒரு படம், 1997-இல் இன்னொரு படம். அந்தக் காலத்தில் வெளியாட்கள் வந்து புளோக்கை அண்ணாந்து பார்த்தபடி நிற்பார்கள். "எந்த மாடி?" என்று கேட்பவர்களைப் பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டி ரொம்ப மரியாதையாக, நாலு புளோக் தள்ளி வேறு எங்கேயோ அனுப்பிவிடுவார்!

எனக்கு உறுத்துவது 1984-இல் பராமரிப்பாளர் ஒருவர் காணாமல்போன வழக்கு. அவர் நம் ஆள். உடல் கிடைக்கவில்லை. 1987-இல் ஆறு பேர்மேல் குற்றம் சாட்டினார்கள், ஆதாரம் போதாமல் விசாரணையே நடக்கவில்லை. அவரைக் கொன்று உடலைக் கறியாகச் சமைத்தார்கள் என்பது எந்த நீதிமன்றத்திலும் நிரூபணமாகவில்லை. ஆனால் விருந்தில் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தால் அந்த ஜோக்கைச் சொல்ல இன்றும் ஒருவர் இருக்கிறார். அதே பந்தியில் அந்த உறவுக்காரர்கள் யாராவது உட்கார்ந்திருக்கலாம். நம் சமூகம் எவ்வளவு சின்னது என்று தெரிந்தும் சொல்கிறார்கள்.

ஒப்பனைக்காரி

சரி, எல்லாரையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க வேண்டாம். காவல்துறையின் கிரைம்வாட்ச் தொலைக்காட்சி நிகழ்ச்சி 1986-இலிருந்து வருகிறது. சாட்சி தேடுவதும் மக்களை எச்சரிப்பதும்தான் அதன் வேலை. கேலாங் பாருவில் 1979-இல் ஒரே வீட்டுப் பிள்ளைகள் நால்வரைக் கொன்றது யார் என்று இன்றுவரை தெரியாது. அதைப் பற்றி யாருமே பேசாமல் விட்டால் நியாயமா?

நானும் மறுநடிப்புக் காட்சிகளுக்கு ஒப்பனை போட்டிருக்கிறேன். ஒரு தயாரிப்பில், ஒளிபரப்புக்கு முன்னால் குடும்பத்துக்கு போன் செய்வதற்கென்றே ஓர் அக்கா இருந்தார். நாள், நேரம், எந்தக் காட்சி வருகிறது என்று எல்லாம் சொல்லிவிடுவார். ஒரு வீட்டில் அந்த அம்மா, "காயத்தைக் காட்டுங்க பரவால்ல, அவ செருப்பக் காட்டாதீங்க" என்றாராம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. செருப்பு தெரிந்த காட்சியை மட்டும் திரும்ப எடுத்தோம். பட்ஜெட்டில் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. அடுத்த தயாரிப்பில் அந்த அக்காவும் இல்லை, அந்த வேலையும் இல்லை.

சென்னையிலிருந்து வந்தவன்

நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் 2016-இல் கொல்லப்பட்ட பெண்ணின் வழக்கைப் படமாக எடுத்தபோது, தலைப்பிலேயே அவர் பெயரை வைத்தார்கள். அவருடைய அப்பா எதிர்த்துப் புகார் கொடுத்த பிறகு தலைப்பு மாறியது. மகளைப் பறிகொடுத்தவர் அதற்கும் அலைய வேண்டியிருந்தது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். தொடர் கொலைகாரன் டாமரைப் பற்றி 2022-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த தொடரில், கொல்லப்பட்டவரின் சகோதரி 1992-இல் நீதிமன்றத்தில் கதறியதை உடை, தலைமுடி உட்பட அப்படியே நடித்துக் காட்டினார்கள். தன்னிடம் யாரும் கேட்கவில்லை என்றார் அவர். சுமார் இருபது பேரைத் தொடர்புகொண்டோம், ஒருவரும் பதில் தரவில்லை என்றது தயாரிப்புத் தரப்பு.

ஈசூன்காரி

ஒப்பனைக்காரி அக்கா, அந்த போன் செய்கிற அக்கா எங்களுக்குக் கிடைத்திருக்கலாம்.

தனிச்செய்தியில் சிலர் கேட்டதால் ஒரு தகவல். துன்புறுத்தல் என்று யூடியூபில் புகார் செய்து ஒன்றும் நடக்கவில்லை. பதிப்புரிமைப் புகார்தான் வேலை செய்தது. அந்தக் கல்யாணப் படத்தை எடுத்தது என் மாமா, அவருடைய சொந்தக் கேமராவில். அதனால் உரிமை அவருக்கு. ஸ்டூடியோக்காரரை வைத்து எடுத்த படமென்றால் எப்போது எடுத்தது என்று பாருங்கள். 2021 நவம்பரில் புதுச் சட்டம் வந்தபின் எடுத்ததற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், படம் எடுத்தவரே உரிமையாளர். அதற்கு முன்பு காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கு உரிமை. இன்னொன்று, புகார் கொடுப்பவர் பெயர் அந்தச் சேனலுக்குப் போகும், யோசித்துச் செய்யுங்கள்.

பிள்ளை போனதற்குக் கேட்க நாதியில்லை, படம் திருடியதற்கு மட்டும் உடனே நடவடிக்கை. மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இப்போது முகப்பில் கணினி வரைந்த ஒரு பையன் இருக்கிறான், மீசையெல்லாம் வைத்து.

வீடியோவும் சித்தியைப் பற்றிய அந்த வரியும் அப்படியே கிடக்கின்றன. துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் நீதிமன்றம் 2021-இலிருந்து இருக்கிறது. உயிரோடு இருப்பவரைப் பற்றிய பொய்த் தகவலைத் திருத்தவோ நிறுத்தவோ அங்கே உத்தரவு கேட்கலாம். ஆனால் "கண்டித்து வளர்க்கவில்லை" என்பது தகவலா, வெறும் கருத்தா என்று வழக்கறிஞரே இழுக்கிறார். அங்கே போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். என்ன ஆதாரம் கேட்டார்கள், எவ்வளவு செலவானது என்பது தெரிந்தால் போதும்.