‘அன்டிகனி’ கோரஸை என்ன செய்வது?

சோஃபக்ளீஸின் பண்டைய கிரேக்க நாடகமான ‘அன்டிகனி’யை மேடையேற்றுகிறோம். இன்னும் மூன்றே வாரம். ஊரின் குரலாகச் சேர்ந்து பாடும் குழுவான கோரஸில் சிக்கி நிற்கிறோம். மூலத்தில் குழலிசைக்கு ஆடிப் பாடும் தீப்ஸ் நகர முதியவர்கள் 15 பேர். எங்களிடம் ஐந்து பேர், 120 இருக்கை அரங்கு, வாத்தியக்காரர் கிடையாது.

ஐவரும் சேர்ந்து சொன்னால் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் இருக்கிறது. சொல் எதுவும் பிடிபடவில்லை. வரிகளைப் பிரித்துக் கொடுத்தோம், ஊரின் குரல் காணாமல் போனது. ஒலிப்பதிவு செத்துக் கிடந்தது. பாட்டுகளையே வெட்டினோம். மன்னன் கிரியோன் வெறும் மேடையில் கத்துகிற ஆளாகிவிட்டான். அவனுக்கு எதிரே ஊர் நின்றாக வேண்டும். போன வார ஒத்திகையில், மனிதனை வியக்கும் அந்தப் பாட்டின்போது முன்வரிசையில் மூன்று கைபேசிகள் ஒளிர்ந்தன.

ஐந்து பேரை வைத்தே, சொல்லும் தெளிவாக, ஊராகவும் ஒலிக்கும்படி கோரஸை அமைத்தவர்கள் அதை எப்படிச் செய்தீர்கள்?