30,000 அடியில் பறந்தால் பயமே இல்லையா?

சாங்கி மைந்தன்:
"விமானம் 30,000 அடியில் போகிறது, தோளில் வைத்துச் சுடும் ஏவுகணை அவ்வளவு உயரம் எட்டாது, சும்மா பீதியைக் கிளப்பாதீர்கள்" என்று நேற்று ஈசூன் குமரன் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் எத்தனை அடி தம்பி? இங்கே சிங்கப்பூரில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் சாங்கி கடற்கரைப் பூங்காவில் உட்கார்ந்தால் விமானத்தின் சக்கரம் கண்ணுக்குத் தெரிகிறது. 2002 நவம்பர் 28 அன்று கென்யாவின் மொம்பாசாவிலிருந்து கிளம்பிய இஸ்ரேலிய விமானத்தின் மேல் ஸ்ட்ரெலா என்ற தோள் ஏவுகணை இரண்டு சுட்டார்கள், உள்ளே 261 பயணிகள்.

ஈசூன் குமரன்:
இரண்டுமே குறி தவறின, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? பட்டாலும் விழுந்துவிடாது. 2003இல் பாக்தாத்தில் டிஎச்எல் விமானத்தின் இடது இறக்கையில் பட்டது. பத்திரமாக இறங்கியது.

சாங்கி மைந்தன்:
அது சரக்கு விமானம், இருந்ததே மூன்று பேர். விமானத்தைத் திருப்ப உதவும் ஹைட்ராலிக் மொத்தமும் போய், இன்ஜின் வேகத்தை மட்டும் கூட்டிக் குறைத்து இறக்கினார்கள். விமானிகள் கெட்டிக்காரர்கள் என்பதால் ஏவுகணை ஆபத்தில்லை என்று ஆகிவிடுமா? 1979இல் ரொடீசியாவில் (இன்றைய ஜிம்பாப்வே) இதே மாதிரி ஏவுகணை பட்டு பயணிகள் விமானம் விழுந்து 59 பேரும் செத்தார்கள். 1998இல் பலாலியிலிருந்து கொழும்புக்குக் கிளம்பிய இலங்கை லயன் ஏர் விமானமும் அப்படியே சுடப்பட்டுக் கடலில் விழுந்து 55 பேர் போனார்கள், பயணிகள் நம் யாழ்ப்பாணத்துச் சனம். அவர்கள் வீட்டில் போய்ச் சொல்லுங்கள் பீதி என்று.

ஈசூன் குமரன்:
இரண்டும் புரொபெல்லர் விமானம். பாக்தாத் விமானம் பெரிய ஜெட். இறங்கியதா இல்லையா?

தெம்பனிஸ் அக்கா:
உக்ரைனில் சுடப்பட்ட மலேசிய விமானம் எம்எச்17இல் 298 பேர் போனார்களே, அதுவும் ஜெட்தானே?

சாங்கி மைந்தன்:
அக்கா, அதைச் சுட்டது ‘புக்’ என்ற ரகம். வண்டியில் ஏற்றிய பெரிய ஏவுகணை, 33,000 அடியில் அடித்தது. தயவுசெய்து குழப்பாதீர்கள்.

தெம்பனிஸ் அக்கா:
குழப்பவில்லை, கேட்டேன். போன மாதம் பேருந்துக் கட்டண விவாதத்திலும் என்னை இப்படித்தான் மட்டம் தட்டினீர்கள், நான் மறக்கவில்லை.

ஈசூன் குமரன்:
அண்ணன் எல்லாரிடமும் இப்படித்தான். ராணுவத்தில் கட்டாயத் தேசிய சேவையின்போது ஸ்டோரில் இருந்தவர் ஏவுகணைப் பாடம் எடுக்கிறார்.

சாங்கி மைந்தன்:
ஸ்டோரில் இருந்தவனும் இரண்டரை வருஷம் நாட்டுக்குக் கொடுத்தவன்தான், அதைத் தொடாதே. விஷயத்துக்கு வா. தோள் ஏவுகணை பதினைந்து கிலோ சாமான், ஒரு ஆள் தூக்கலாம், கார் பூட்டில் வைக்கலாம். வெப்பத்தைத் தேடிப் போகும். இஸ்ரேல் தன் பயணிகள் விமானங்களிலேயே தற்காப்புக் கருவி பொருத்தியது, பயம் இல்லாமலா அந்தச் செலவு?

ஈசூன் குமரன்:
சாங்கியில் யாராவது சுட்டார்களா?

சாங்கி மைந்தன்:
சுட்ட பிறகுதான் பேச வேண்டுமா? என் மகள் வாரம் ஒருமுறை பறக்கிறாள்.

ஈசூன் குமரன்:
மகளை இழுக்காதீர்கள் அண்ணே. பாக்தாத் விமானம் இறங்கியதா இல்லையா, அதற்குப் பதில் சொல்லுங்கள்.

சாங்கி மைந்தன்:
சொல்லியாயிற்று. சரக்கு விமானம். மூன்று பேர்.