கோகோபோலோ மரப் பின்பலகையின் நடு இணைப்பு நிற்கவே மாட்டேன் என்கிறது

அக்கூஸ்டிக் கிதார் ஒன்றுக்கு, இரு பாதிகளை நடுவில் ஒட்டிப் பின்பலகை செய்கிறேன். இதுவரை ஈட்டி, மஹோகனி ஆகிய மரங்களில்தான் வேலை செய்திருக்கிறேன். கோகோபோலோ இதுதான் முதல் முறை. ஈட்டியின் உறவுக்கார மரம்தானே என்று எடுத்தேன். எண்ணெய்ப் பிசுக்கில் ஈட்டி இதன் கால்தூசிக்கு வராது.

சிக்கல் இதுதான்: இரு பாதிகளையும் ஒட்டி, கிளாம்ப் போட்டு ஒரு நாள் வைத்தால் இணைப்பு உறுதியாகத்தான் தெரிகிறது. 2.5 மில்லிமீட்டர் தடிமனுக்கு இழைத்ததும், இலேசாக வளைத்தாலே நடுவில் விரிகிறது. பிரிந்த விளிம்பில் மர இழை ஒன்றுகூடப் பெயரவில்லை. காய்ந்த பசை ஒரு பக்கத்திலிருந்து மெல்லிய தோலாக உரிந்து வருகிறது. விளிம்புகளைச் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தால் கீற்றுக்கூட நுழைவதில்லை, ஆகவே பொருத்தத்தில் குறையில்லை.

பசை தடவும் முன் எண்ணெய் போக அசிட்டோனால் துடைக்கிறேன். துணி ஆரஞ்சு நிறமாகிறது, எத்தனை முறை துடைத்தாலும் நிற்பதில்லை. உப்புத்தாளை விட்டுவிட்டு, இழைப்புளியால் புதுப் பரப்பு எடுத்து உடனே ஒட்டியும் பார்த்தேன். மஞ்சள் மரப்பசை, சூடான வஜ்ஜிரம் (விலங்குத் தோல் பசை) இரண்டும் கைவிட்டன. அறையின் ஈரப்பதம் 45 சதவீதம். மரம் நன்றாகப் பதப்பட்டது. (தூசு தோலில் பட்டால் தடிக்கிறது, கையுறையும் முகமூடியும் இல்லாமல் தொடுவதில்லை.)

மிச்சம் இருப்பது எபாக்சி (இரு பாகங்களைக் கலந்து ஒட்டும் பசை). பின்னாளில் பழுதுபார்க்கப் பிரிப்பது கடினம் என்பதால்தான் தயங்குகிறேன்.

கோகோபோலோவின் நடு இணைப்பை எபாக்சி இல்லாமல் நிலைக்கச் செய்தவர்கள், எந்தப் பசையை எப்படிப் பயன்படுத்தினீர்கள்?